முப்பத்திரெண்டு மணி நேரம்

டிக்கெட்டு வாணாம்மா. டிக்கெட்டு வாங்க வரல நானு. நேரம் மட்டும் பாத்து சொன்னா போதும். டல்லாஸு. ஆங், அமெரிக்காவுல கீற டல்லாஸ்தான். அங்கருந்து மெட்ராஸுக்கு எத்தினி மணி நேரம்னு அந்தக் கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லு. போறதுக்கு இல்ல, வர்றதுக்கு. எந்தத் தேதிக்கா? ஆகஸ்டு மாசம்னு வெச்சிக்கயேன். ஒரு வெள்ளிக்கெழம. இல்லம்மா, வர்ற ஆகஸ்டு இல்ல, போன ஆகஸ்டு. முடிஞ்சி போனதுதான். முடிஞ்சி போனதுக்கு நேரம் பாக்கக் கூடாதுன்னு ஏதனா ரூலு கீதா?

சிரிக்கற. சிரி, பர்வாலேது. காலங்காத்தால ஒரு கெழவன் வந்து ஒக்காந்துக்கினு, டிக்கெட்டும் வாங்காம, போன வருசத்து ஃப்ளைட்ட கேட்டா யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆளு வந்தா சொல்லு, நான் எழுந்து போயி அந்த பெஞ்சில ஒக்காந்துக்கறன். தமிழு இவ்ளோ நல்லா பேசறயே, எந்த ஊரு? பிச்சாட்டூரா! அப்ப நம்மூட்டுப் பொண்ணுதான். பேரு போர்டுல கீதே, யமுனான்னு. நான் நகரிம்மா. செங்கல்வராயன். வூட்லயே பவர்லூம் ரெண்டு ஓடுது. நகரிலயே டிராவல்ஸ் கடை கீது, இல்லாம இல்ல. ஆனா அங்க போயி நான் எப்டிக் கேக்கறது? நாலு வருசமா ஊருக்கே நேரம் சொன்னவன் நீ, இப்ப நீயே வந்து கேக்கறயான்னு வாய்ல சிரிக்க மாட்டானுங்க. அதான் பஸ் ஏறி திருப்பதிக்கி வந்தன்.

என் பையன் பேரு வெங்கடரமணன். ஒரே பையன், அவனுக்குக் கீழ ஒரு பொண்ணு. தொண்ணூத்தொம்போதுல போனான். ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னு பூடும்னு சொல்லி ஆளுங்கள அள்ளிக்கினு போனாங்களே, அப்ப. நீ அப்ப ஸ்கூல்ல படிச்சிக்கினு இருந்திருப்ப. போய் எறங்கி போன் பண்ணான். நடுவுல ஃப்ராங்க்பர்ட்டுன்னு ஒரு ஊர்ல எறங்கி வேற ஃப்ளைட்டு மாறணும், எல்லாம் சேத்து இருவத்துமூணு மணி நேரம் ஆச்சி நைனான்னான். சரிடான்னு போன வெச்சிட்டு வெளிய வந்தன். எதிர்ல கோவர்த்தனன் நிக்கறான். பக்கத்து வூட்டுக்காரன். அவன் பையன் குவைத்துல டிரைவரு. எப்பப் பாரு, மெட்ராஸ்ல ஏறினா அஞ்சு மணி நேரத்துல குவைத்துன்னு பீத்திக்குவான். எத்தினி நேரம் ஆச்சாம்டான்னு கேட்டான். இருவத்தஞ்சுன்னன். ரெண்டு மணி நேரம் கூட சொன்னா யாருக்கு இன்னா நஷ்டம்? அவன் வாய மூடிக்கினான். எனக்கு வயிறு ரொம்பின மாதிரி இருந்திச்சி.

அதுலருந்து புடிச்சிக்கிச்சிம்மா. முடி வெட்டற கடையில கேப்பானுங்க, நூலு வாங்கப் போற எடத்துல கேப்பானுங்க. இருவத்தேழுன்னன். முப்பதுன்னன். ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்ன போவணுமே, நகரிலருந்து மெட்ராஸு போவணுமே, அதெல்லாம் கணக்குல வராதான்னு எனக்கு நானே நாயம் சொல்லிக்குவன். கேக்கறவன் கண்ணு விரியும். தூரம் ஏற ஏற மரியாத ஏறிச்சி. என் பொண்டாட்டி கமலம்மா கேப்பா, ஏன்யா, போன மாசம் இருவத்தேழு சொன்ன, இந்த மாசம் முப்பது சொல்ற, அமெரிக்கா நவுந்துக்கினே போவுதான்னு. நக்கலு புடிச்சவ. கடைசில முப்பத்திரெண்டுல வந்து நின்னிச்சி. அதுக்கு மேல ஏத்த எனக்கே பயம். நகரில எந்தச் சின்னப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும், செங்கல்வராயன் வூட்டுப் பையன் வர முப்பத்திரெண்டு மணி நேரம் ஆவும்னு.

பொண்ணுக்கு சம்பந்தம் வந்ததே அதாலதான். ரூபான்னு பேரு. அண்ணன் அமெரிக்காவுலன்னு ஒரு வார்த்த போதும்மா, தேடிக்கினு வந்தாங்க. புத்தூர்க்காரங்க. சம்பந்தி பேரு நாகபூஷணம். ஆர்டிசி டெபோல கண்ட்ரோலரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மனுசன் கடியாரத்துக்குப் பொறந்தவரு. பஸ்ஸு ரெண்டு நிமிசம் லேட்டா வந்தாக்கூட டிரைவர நிக்க வெச்சி கேக்கற ஆளு. வாய்லருந்து பாதி தெலுங்கு, பாதி தமிழு வரும். அவரு சம்சாரம் ரத்னம்மா. தங்கமான பொம்பள. அவ தங்கமா இல்லாம இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். ஏன்னு இப்ப கேக்காத, சொல்றன்.

போன ஆகஸ்டு, வெள்ளிக்கெழம காத்தால, தண்ணி புடிச்சிக்கினு இருந்த கமலம்மா நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே ஒக்காந்துட்டா. வேர்வ ஊத்துது. புத்தூருக்குத் தூக்கிக்கினு ஓடனோம். அங்க பாத்துட்டு, இங்க வெச்சிக்கினு இருக்காதீங்க, திருப்பதிக்கி எடுத்துக்கினு போங்கன்னாங்க. சம்பந்திங்கதான் காரு புடிச்சி கூடவே வந்தாங்க. ரூபா அப்ப ஏழு மாசம், அவள வர வாணாம்னு சொல்லிட்டோம். ஆஸ்பத்திரில சேத்து, டாக்டரு பாத்துட்டு வெளிய வந்தாரு. நல்ல மனுசன், பொய் சொல்லல. சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லிடுங்கன்னாரு.

நான் கீழ எறங்கிப் போயி எஸ்டிடி பூத்துல போன் பண்ணிட்டு வந்தன். கெளம்பறானாம்னு சொன்னன். நாகபூஷணம் கேட்டாரு, என்னி கண்டலு? எத்தினி மணி நேரம்னு. முப்பை ரெண்டுன்னன். அவரு தெலுங்குல கேட்டாரு, நானும் தெலுங்குலயே சொல்லிட்டன். யோசிக்கலம்மா. நாலு வருசமா சொல்லிச் சொல்லி பழகின வாயி, அதுவா சொல்லிச்சி. அவரு வாச்ச பாத்தாரு. மணி சரியா ஒம்போது. நாளிக்கி சாயங்காலம் அஞ்சு மணின்னாரு. மெட்ராஸ்ல ரெண்டுக்கு எறங்குவான், கார்ல மூணு மணி நேரம், அஞ்சுக்கு இங்க. முடிஞ்சிது. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு மாதிரி சொல்லிட்டாரு. நகரிலருந்து வர்றவங்க, புத்தூர்லருந்து வர்றவங்க, அல்லாருக்கும் அவரே சொன்னாரு, பையன் நாளிக்கி அஞ்சுக்கு வரான்னு.

அந்த அஞ்சு மணிய நான் அவரு வாய்லருந்து திருப்பி வாங்க முடியலம்மா. கேக்கறயே, சொன்ன நேரத்துக்கு முன்ன வந்தா யாரு இன்னா சொல்லப் போறாங்கன்னு. வேற யாருன்னா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாகபூஷணம் சொல்வாரு. எந்த ஃப்ளைட்டு, எத்தினி மணிக்கி ஏறினான், எங்க மாறினான்னு துருவிக்கினே போவாரு. தப்பா இல்ல, அவரு சுபாவம் அது. அந்த ஒரு நாளு பூரா அவரு ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்துக்கினு, பஸ்ஸுக்கு சொல்ற மாதிரி சொல்லிக்கினே இருந்தாரு. இப்ப ஃப்ளைட்டு ஏறியிருப்பான். இப்ப ஃப்ராங்க்பர்ட்டு வந்திருப்பான். இப்ப மாறியிருப்பான். சுத்தி இருந்தவங்கெல்லாம் தலய ஆட்டிக்கினு கேட்டாங்க. நானும் ஆட்டினன்.

ரத்னம்மா கமலம்மா கட்டில வுட்டு நவுரல. தல வாரி வுட்டா, மொகம் தொடச்சா, ஒண்ணுக்குப் போனா சட்டியப் புடிச்சா. கூடப் பொறந்தவகூட அப்டி செய்ய மாட்டா. நீங்க போயி காப்பித்தண்ணி குடிச்சிட்டு வாங்கன்னு நான் நாலு தபா சொன்னன். நான் எங்க போவன்ணா, இவங்கள இப்டி வுட்டுட்டுன்னா. கமலம்மா கண்ண தொறந்து பையன் பேர சொல்லும்போதெல்லாம் அவ சொல்வா, வந்துக்கினே கீறான் அண்ணி, ஆகாசத்துல வந்துக்கினே கீறான். கமலம்மா என்னப் பாப்பா. அந்தப் பார்வய நான் எங்க போயி சொல்வன்மா.

சனிக்கெழம மத்தியானம் ரெண்டு அஞ்சுக்குப் பூட்டா. அஞ்சு மணிக்கி ஆஸ்பத்திரி வாசல்ல காரு வந்து நின்னிச்சி. பையன் பெட்டியோட எறங்கினான். நாகபூஷணம் வாச்ச பாத்தாரு. பாத்துட்டு கண்ணுல தண்ணி வந்துடிச்சி அவருக்கு. சொன்ன நேரத்துக்கு வந்துட்டானே, மூணு மணி நேரத்துல பெத்தவ மொகம் இல்லாம பூட்ச்சேன்னு அழுதாரு. கொள்ளி வெச்சான், மொட்ட அடிச்சிக்கினான், காரியமெல்லாம் கொறையில்லாம பண்ணான். பதினாறாம் நாளு காரு ஏறிப் போனான். எங்கிட்ட ஒரு வார்த்த பேசலம்மா. இன்னிக்கி வரைக்கும் பேசல.

ஊர்ல அல்லாரும் இன்னா சொல்றாங்க தெரியுமா? தூரம் அப்டி, நீ இன்னா பண்ணுவ. கோவர்த்தனன் இருக்கானே, அவன்கூட வூட்டுக்கு வந்து, என் கையப் புடிச்சிக்கினு சொல்றான், குவைத்தா இருந்திருந்தா வந்திருப்பான்டா, அமெரிக்காவாச்சே, இன்னா பண்றதுன்னு. ஏட்டிக்குப் போட்டியா பேசினவன், ஆறுதல் சொல்றான். நான் அவன் கைய உருவிக்கினு உள்ள பூட்டன். வெக்கமா இருந்திச்சி. கல்லால அடிச்சிருந்தாக்கூட தேவலாம்.

மூணு மணி நேரம்மா. அதான் கேக்கறன். நான் பீத்திக்கினு சேத்தது ஒம்போது மணி நேரம். அத சேக்காம, உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா எத்தினி வந்திருக்கும்? இருவத்தெட்டுன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு மணிக்கி வந்திருப்பான். பாத்திருப்பான். அவளும் பாத்திருப்பா. அஞ்சு மாசமா துன்ற சோறு எறங்கல. தறிய ஓட வுட்டுட்டு நின்னா காதுல அதே எண்ணிக்கதான். இருவத்துமூணு, இருவத்தாறு, இருவத்தெட்டு. நெசமான நேரம் எத்தினின்னு ஒரு தெரிஞ்சவங்க வாயால கேக்கணும். நான் பாவம் பண்ணனா, இல்ல அல்லாரும் சொல்ற மாதிரி தூரம்தானா? பாரும்மா. நல்லா தட்டிப் பாரு. அவசரமில்ல.

ஆங். சொல்லு. இங்க வெள்ளிக்கெழம காத்தால ஒம்போதுன்னா அங்க வியாழக்கெழம ராத்திரியா? அது தெரியும், பகலு நமக்குன்னா ராத்திரி அவங்களுக்கு. அந்நேரத்துக்கு ஃப்ளைட்டு கெடையாதா? அப்ப? மறுநாளு அங்க சாயங்காலம்தானா மொத ஃப்ளைட்டு. அதுலருந்து இருவத்துமூணு மணி நேரம். மெட்ராஸ்ல எறங்கறதே சனிக்கெழம நடுராத்திரி தாண்டியா? இங்க வந்து சேர ஞாயித்துக்கெழம வெடிகாத்தாலயா? வேற வழியே இல்லயா? லண்டனு, சிங்கப்பூருன்னு ஏதனா சுத்தி? அதுவும் இல்ல. யாரா இருந்தாலும், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும்?

அப்ப, நெசமாவே அவன் அங்க இருந்திருந்தாகூட அவ மொகத்த பாத்திருக்க முடியாது.

இன்னாம்மா அப்டிப் பாக்கற? ஆமா, நீ கேக்கறது சரிதான். ஞாயித்துக்கெழமதான் வர முடியும்னா சனிக்கெழம அஞ்சு மணிக்கி எப்டி வந்தான்? எடுத்த எடுப்புல புடிச்சிட்ட. நகரில, புத்தூர்ல ஒருத்தனுக்கும் இது தோணல. கடியாரத்துக்குப் பொறந்த நாகபூஷணத்துக்கே தோணல. பாவம், அவருக்கு நம்மூரு பஸ்ஸுதான தெரியும்.

பையன் அமெரிக்காலருந்து வந்து ரெண்டு வருசம் ஆச்சும்மா. கம்பெனி மூடிட்டான், அனுப்பிட்டான். மெட்ராஸ்ல எறங்கி போன் பண்ணான், வேல பூட்ச்சி நைனா, வூட்டுக்கு வரேன்னு. அப்பதான் ரூபாவுக்கு தட்டு மாத்தியிருந்தோம். வராதடான்னன். கல்யாணம் முடியட்டும், அது வரைக்கும் திருப்பதில எங்கனா இருன்னன். இங்கதான் ரூமு எடுத்துக்கினு, ஒரு கடையில கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சிக்கினு கெடந்தான். ஞாயித்துக்கெழம ஆனா பூத்துலருந்து வூட்டுக்கு போன் பண்ணுவான், அமெரிக்காலருந்து பேசற மாதிரி. கல்யாணத்துக்கு பெட்டியோட கார்ல வந்து எறங்கினானே, அந்தப் பெட்டில இருந்த சாக்லேட்டு அத்தினியும் மெட்ராஸ்ல பர்மா பஜார்ல நான் வாங்கினது. கல்யாணம் முடிஞ்சா சொல்லிடலாம்னேன். முடிஞ்சிது. பொண்ணு முழுகாம கீறா, கொழந்த பொறக்கட்டும்னேன். பொண்ணுக்குக்கூட தெரியாது. கமலம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மலைக்குப் போறன்னு மாசத்துக்கு ஒரு தபா பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போவா.

பொண்ணுக்காகன்னு சொல்லிக்கினேன். பொய்யி. சம்பந்திங்க சொக்கத்தங்கம், வேல பூட்ச்சின்னு சொல்லியிருந்தா ஐயோ பாவம்னு சொல்லியிருப்பாங்க, அவ்ளோதான். என் மூஞ்சிக்காக பண்ணன்மா. நகரில நாலு பேரு பாக்கற மூஞ்சி.

வெள்ளிக்கெழம போன் பண்ணேன்னு சொன்னேனே, பத்து நிமிசத்துல ஓடியாந்துட்டான். ஆஸ்பத்திரி எதிர்லயே டீக்கடை. அங்கயே நிக்க வெச்சன். பெட்டிய எடுத்துக்கினு வா, நாளிக்கி அஞ்சு மணிக்கி ஒரு காரு புடிச்சி ஒரு சுத்து சுத்தி வந்து எறங்குன்னேன். ரெண்டு நாளும் அந்த டீக்கடை பெஞ்சிலதான் ஒக்காந்துக்கினு இருந்தான். மாடி ஜன்னல்லருந்து பாத்தா தெரிவான். சனிக்கெழம காத்தால ரத்னம்மா மொகம் கழுவப் போன ரெண்டு நிமிசத்துல கமலம்மா என் கையப் புடிச்சா. அஞ்சு மணி வரைக்கும் நான் தாங்க மாட்டேன்யா, வரச் சொல்லுன்னா. கொஞ்சம் பொறுத்துக்க கமலம்மான்னேன். அவ கைய வுட்டுட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ரத்னம்மா ஆகாசத்துல வரான்னு சொன்னா, ஆங்குவா. என்ன காட்டிக் குடுக்கலம்மா அவ.

ஒண்ணரைக்கி மூச்சு இஸ்துக்கினு போவுது. ரத்னம்மா அழுதுக்கினே சொன்னா, பெத்த புள்ள கையால ஊத்த வேண்டிய பாலு, அவன் வர்ற வரைக்கும் தாங்காதுண்ணா, நீயே ஊத்திடு, எதிர்ல டீக்கடையில வாங்கியான்னா. போனன். கடைக்காரங்கிட்ட டம்ளர வாங்கினது பையன்தான். ஆத்தி, சூடு கீதான்னு வெரலு வெச்சிப் பாத்து, என் கையில குடுத்தான். நானே வந்து ஊத்தறன் நைனான்னான். மணி ஒண்ணரதான் ஆவுது, நீ இன்னும் மெட்ராஸ்லயே எறங்கலடான்னு சொல்லிட்டு, பால எடுத்துக்கினு ரோட்ட தாண்டி வந்துட்டன்.